ஆளுக்கு ஒரு யூமாஸ்க்

தண்டையார்பேட்டை வீட்டில் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. எனக்கு, தங்கைக்கு, பக்கத்து வீட்டுத் தம்பிக்கு என்று தனித்தனிக் கணக்கு. நானும் தம்பியும் ராயபுரம் ஸ்டேஷன், காசிமேடு துறைமுகம் என்று சுற்றி எடுக்கும் படங்களை ஒரே ஃபோல்டரில் சேர்க்கிறோம். தங்கை டியூஷன் கணக்கு எழுதுகிறாள், அதை வேறு யாரும் திறக்கக் கூடாது. ஆனால் புதுக் கோப்புக்கு என்ன அனுமதி கிடைக்கக் கூடாது என்று சொல்லும் எண்ணான யூமாஸ்க் எல்லோருக்கும் 022தான், புதுக் கோப்பு எல்லாம் 644 ஆக விழும். மூன்று இலக்கமும் முறையே உரிமையாளர், குரூப் (பயனர் குழு), மற்றவர்; படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்ட வேண்டும். அதாவது 644 என்றால் உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்ற எல்லோரும் படிக்கலாம். "அண்ணே, இன்னாண்ணே இது, உன் படத்தைத் திருத்துனா சேவ் ஆவ மாட்டேங்குது" என்றான் தம்பி.

யூமாஸ்க் அனுமதி கொடுக்காது, இருப்பதை எடுக்க மட்டும் செய்யும். புரோகிராம் பொதுவாகக் கோப்புக்கு 666, ஃபோல்டருக்கு 777 கேட்கும். யூமாஸ்க்கில் உள்ள பிட்கள் அதிலிருந்து நீக்கப்படும். கழித்தல் கணக்கு என்று நினைத்தால் 027 போட்டதும் இடிக்கும்: 666இல் 027 போனால் 639 இல்லை, 640.

இனி, ஆளுக்கு ஆள் எங்கே மாற்றுவது? டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரி எழுதச் சொல்வார்கள் பலரும். டெர்மினலுக்கு அது போதும், மெனுவில் திறக்கும் ஜிம்ப்புக்கு (படம் திருத்தும் புரோகிராம்) அது எட்டாது. எனக்குப் பிடித்த வழி, லாகினைக் கவனிக்கும் பாம் அமைப்பின் யூமாஸ்க் மாட்யூல். கணக்குகளின் பட்டியலான பாஸ்வேர்டு கோப்பில், ஒருவருடைய வரியின் ஐந்தாவது புலத்தில், பெயர் விவரத்தோடு யூமாஸ்க்=0077 என்று இருந்தால் லாகின் ஆகும்போதே அதை எடுத்துக்கொள்ளும். அந்தப் புலத்தை மாற்றும் சிஎச்எஃப்என் கட்டளையின் ஓ ஆப்ஷனில், ரூட்டாக (நிர்வாகியாக) அதை எழுதினேன்: தங்கைக்கு 0077, எங்கள் இருவருக்கும் 0002. டெபியனில் ஒவ்வொருவருக்கும் சொந்தக் குரூப் உண்டு, அதனால் 0002 போட்டும் ஹோம் ஃபோல்டரில் ஆபத்தில்லை.

மாட்யூலின் வரியைப் பாமின் காமன்-செஷன் கோப்பில் சேர்த்தேன். காமன்-செஷன்-நான்இன்டராக்டிவ் கோப்பிலும் சேர்க்க வேண்டும், பயனரின் புரோகிராம்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் யூசர் மேனேஜர் அதைத்தான் படிக்கும். லாக்அவுட் ஆகி வந்து, ஓடும் புரோகிராம்களின் விவரத்தைக் கெர்னல் காட்டும் பிராக் ஃபோல்டரில், ஜிம்ப்பின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தேன். "யூமாஸ்க்: 0002". கெர்னல் 4.7 முதல் இந்த வரி இருக்கிறது. சோதிக்க இதைவிட நம்பகமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

படங்கள் ஃபோல்டரை, நானும் தம்பியும் இருக்கும் பொதுக் குரூப்புக்கு மாற்றி 2775 கொடுத்தேன். முன்னால் உள்ள 2 இருப்பதால் உள்ளே பிறக்கும் கோப்புக்கும் அதே குரூப் வரும். நான் புதிதாக அங்கே சேமித்த படத்தைத் தம்பி திருத்தினான், சேவ் ஆனது.

அப்புறம் தங்கையையும் குரூப்பில் சேர்த்தேன். அவளும் ஸ்டேஷன் படம் ஒன்றைத் திருத்திப் புதுக் கோப்பாக அங்கே சேமித்தாள். அது 600. அவளுடைய 0077 சரியாகத்தான் வேலை செய்தது, இந்த ஃபோல்டருக்கு மட்டும் அது பொருந்தாது. அதனால் செட்எஃப்ஏசிஎல் கட்டளையில் டி ஆப்ஷன் போட்டு, குரூப்புக்கு ஆர்டபிள்யூஎக்ஸ் (படிக்க, எழுத, இயக்க) என்று டீஃபால்ட் ஏசிஎல், அதாவது ஃபோல்டருக்குள் பிறக்கும் கோப்புகளுக்கான அனுமதிப் பட்டியல், வைத்தேன். டீஃபால்ட் ஏசிஎல் உள்ள ஃபோல்டரில் கெர்னல் யூமாஸ்க்கைப் பார்ப்பதே இல்லை. அவள் சேமித்த அடுத்த படம் 664, அவள் ஹோமில் டியூஷன் கணக்கு இன்னும் 600. ஆளுக்கு யூமாஸ்க், இடத்துக்கு ஏசிஎல்: இந்த ஜோடி எனக்கு ரொம்பத் திருப்தி.

வேறு இடத்திலிருந்து எம்வி (நகர்த்தும் கட்டளை) செய்து கொண்டுவரும் கோப்புக்கு இரண்டுமே பொருந்தாது, பழைய அனுமதியோடே வரும். அங்கே சிபி (நகலெடுக்கும் கட்டளை) செய்கிறோம்; குரூப் சரியாக வரும், மூலக் கோப்பில் இல்லாத அனுமதி மட்டும் அதிலும் வராது. போனிலிருந்து எஸ்எஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் முறை) வழியாக ஏற்றும் படங்களுக்கு, அந்த சர்வரின் யூ ஆப்ஷனை அடுத்துப் பார்க்க வேண்டும்.