காலைக் காட்டச் சொல்லும் இரண்டு நிமிடம்

வண்ணாரப்பேட்டையில் ஒரு பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக ரத்தம் எடுத்து வருகிறேன். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயைப் பாடநூல் சிரை என்று சொல்லும்; எங்கள் பகுதியில் எல்லோரும் அதை நரம்பு என்றே சொல்வார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். துறைமுகத்தில் சுமை தூக்குபவர்களின் முன்கையில் அது கயிறு போலப் புடைத்திருக்கும். அது நோயா என்று கவலையோடு கேட்பார்கள். தோலுக்கடியில் கொழுப்பு குறைந்து, தசை வலுத்து, வெயிலில் ரத்தக் குழாய்கள் விரியும்போது சிரைகள் எழுந்து தெரிவது இயல்பு என்று தைரியம் சொல்லி அனுப்புவேன்.

காலைப் பற்றித்தான் நான் நெடுநாள் யோசிக்கவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வருவார். ஒரே குத்தில் ரத்தம் வரும் கை அவருடையது. ஒருநாள் அவர் எழுந்தபோது சேலை சற்று விலகியதில், கெண்டைக்காலில் முறுக்கிக்கொண்டிருந்த சிரைகளும், உள் கணுக்காலுக்கு மேலே கறுத்துத் தடித்த தோலும், அதன் நடுவே துணி சுற்றிய புண்ணும் தெரிந்தன. "உப்புத்தண்ணி பட்டு வந்த புண்ணும்மா, ஆறிடும்" என்றார். எட்டு மாதமாக ஆறவில்லை.

காலிலிருந்து ரத்தம் மேலேற வேண்டுமானால் கெண்டைத் தசை சுருங்கி அழுத்த வேண்டும்; ஏறியது கீழே திரும்பாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்க வேண்டும். விடியலுக்கு முன்பிருந்தே ஒரே இடத்தில் நிற்பவருக்குத் தசையின் உதவி குறைகிறது. வால்வுகள் பழுதாகிவிட்டால் ரத்தம் தேங்கி, சிரை சுருண்டு, கசியும் சிவப்பணுக்களின் இரும்பு தோலில் கறையாகப் படிகிறது. நரம்பு சுருட்டு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் நோய் இந்தக் கட்டத்துக்கு வந்தபின் தோல் எளிதில் உடையும். உடைந்தால் எளிதில் மூடாது.

அவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். சர்க்கரை நோயாளி என்பதால் காலுக்கு ரத்தம் சரியாக இறங்குகிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்த்த பிறகே இறுக்கக் கட்டுப் போட்டார்கள். புண் மெல்ல மூடியது. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் அவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்க்காமல் அன்றே மருத்துவரிடம் போகும்படி சொல்கிறேன். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்கும் போகலாம். நின்று வேலை செய்பவர்கள் வந்தால், ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில், காலைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன்.