ரயிலும் நகர வளர்ச்சியும்: முதன்மைத் தேர்வுக்கு இந்தத் தலைப்பைப் படித்த விதம்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் பலர் இந்தப் பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். ரயில் வந்தது, வணிகம் பெருகியது, நகரம் வளர்ந்தது. எந்த ஊர், ஊரின் எந்தப் பக்கம், யாருடைய தேவைக்காக என்று எதுவுமே அதில் இருக்காது. தாள் திருத்துபவர் கையில் இதே விடை கட்டுக்கட்டாக இருக்கும்.

நான் மதுரைக்காரன். அதனால் மதுரை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் இதைப் படித்தேன். நீங்கள் உங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கால வரிசையைப் பிடியுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அதற்கு வெளியே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், அதாவது 1840-களை ஒட்டி, சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அப்படிக் கிடைத்த இடத்தில் உருவானவைதான் வெளி வீதிகள். ரயில் மதுரைக்கு வந்ததோ 1875-இல். ஆகவே ரயிலுக்காகக் கோட்டை இடிபடவில்லை. சுவர் போய் ஒரு தலைமுறை கழித்து வந்த ரயில், மேல வெளி வீதிக்கு வெளிப்பக்கம் நின்றுகொண்டது. இந்த ஒரு வேறுபாட்டை எழுதினாலே விடை தனித்துத் தெரியும் என்பது என் கருத்து.

ஒப்பீட்டுக்கு லண்டன் நன்றாகப் பொருந்தும். நகர மையத்துக்குள் ரயில் நுழையக் கூடாது என்று 1846-இல் அங்கே ஓர் அரச ஆணையம் பரிந்துரைத்தது. பேடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் நிலையங்கள் எல்லாம் மையத்துக்கு வெளியே நிற்கின்றன. அந்தப் பக்கத்து நிலையங்களை நகரோடு இணைக்க 1863-இல் தரைக்கு அடியில் ரயில் ஓட்ட வேண்டியதாயிற்று.

அப்புறம் முக்கியமான கேள்வி: நிலையம் வந்த பிறகு ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது? மதுரை மேற்கே சாய்ந்தது. வெளியூர் ஆட்கள் வந்து இறங்கும் வாசலே அந்தப் பக்கம் ஆகிவிட்டது. நிலையத்துக்கு எதிரே இன்றும் மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. டவுன்ஹால் ரோடு கோயிலை நோக்கி நேராகப் போகிறது, வழி நெடுக லாட்ஜுகள். 1892-இல் ஹார்வி மில் என்ற நூற்பாலை நிலையத்துக்கு அருகிலேயே வந்தது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 1876-லேயே தண்டவாளம் போட்டாயிற்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மில்லுக்கு ஏன் அந்த இடம் என்று புரியும். மில் தொழிலாளர்களுக்கான ஹார்விபட்டியும் அதே பாதை போகும் திருப்பரங்குன்றம் பக்கம்தான் எழுந்தது.

வளர்ச்சியை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தண்டவாளம் ஊரைப் பிரிக்கவும் செய்தது. பழைய நகரம் ஒரு பக்கம், ரயில்வே காலனியும் அரசரடியும் எல்லீஸ் நகரும் மறுபக்கம். நடுவே கடக்கப் பாலங்களை நம்பித்தான் இருக்க வேண்டும். பலத்த மழை பெய்தால் கர்டர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி, போக்குவரத்து சுற்றிப் போகிறது. நகரத் திட்டமிடல் பற்றிய கேள்வியில் இந்தப் பத்தி மிகவும் உதவும்.

ரயில் ஓர் ஊருக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யும். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வே பணிமனை 1920-களின் பிற்பகுதியில் திருச்சிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பொன்மலை ஒரு ரயில்வே நகரமாகவே எழுந்தது. நாகை தன் பெரிய தொழிற்கூடத்தை இழந்தது.

விடையில் ஒரு சிறு கோட்டுப்படம் போடுங்கள். நடுவில் கோயில், சுற்றி வீதிகள், வடக்கே வைகை, மேற்கே தண்டவாளம், அதையொட்டி மில். பென்சிலால் சீக்கிரம் போட்டுவிடலாம். நேரம் போதவில்லை என்றால் லண்டனை விட்டுவிடுங்கள். படத்தையும் பொன்மலையையும் விடாதீர்கள்.