மாயாவிக்கு டிக்கெட் எடுத்தாச்சா?

போன வருஷம் சென்னையில் நடந்த காமிக்ஸ் விழாவுக்குக் கடலூரிலிருந்து நானும் மகளும் போய்வந்ததில் 9,640 ரூபாய் கரைந்தது. வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். எழுதி வைத்ததால்தான் இந்த வருஷம் தப்பித்தோம்.

நோட்டைப் புரட்டினால், டிக்கெட் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு நாள் பாஸ் எடுத்ததால் ஒரு ராத்திரி லாட்ஜ். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறங்கி, விழா நடந்த நந்தம்பாக்கம் வரை ஆட்டோ. உள்ளே விற்ற சாப்பாடு. அப்புறம், காமிக்ஸ் பாத்திரம் மாதிரி மகள் வேஷம் போட்டுக்கொள்ள வாடகை உடை, ஒரு ஊதா விக். அந்த விக்கை அவள் தலையில் வைத்திருந்தது மூன்று மணி நேரம். அரிப்பு தாங்காமல் கழற்றி என் தோளில் போட்டுவிட்டாள். பையன்கள் சிலர் என்னைப் படம் எடுத்தார்கள்.

இந்த வருஷம் டிக்கெட் விலை ஏறியிருந்தது. போதாததற்கு, பணம் கட்டும் பக்கத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் கன்வீனியன்ஸ் ஃபீ, அந்த ஃபீக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சௌகரியம் யாருக்கு என்றுதான் தெரியவில்லை. கூட்டம் சேரச் சேர இப்படித்தான் ஆகும் போல. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1970-ல் சுமார் 300 பேரோடு தொடங்கிய விழாவுக்கு இப்போது 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அங்கே கையில் காசு இருந்தாலும் ஆன்லைன் வரிசையில் அதிர்ஷ்டம் வேண்டும். நம் ஊரில் காசு மட்டும் இருந்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

“ஒரு நாள் போதும்ப்பா. ரெண்டாவது நாள் பார்த்ததையேதான் பார்த்தோம்” என்றாள் மகள். அந்த ஒரு வார்த்தையில் லாட்ஜ் செலவு போச்சு. விற்பனை தொடங்கிய வாரமே சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போட்டோம். கடைசி நேர விலையைவிடக் குறைவு.

மிச்சமிருந்தது வேஷம். அவள் கேட்டது முழுக் கவசம். நான் சொன்னது இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் அவர்தான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். வேஷத்துக்கு ஒரு கை போதும்! இதைவிடச் சிக்கனமான ஹீரோ உலகத்தில் இல்லை.

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையின் மேல், பழைய யோகா மேட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினோம். ஒவ்வொரு விரலுக்கும் மூன்று துண்டு, மடங்கும் இடத்தில் இடைவெளி. பசை, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்தபிறகே சேர்த்து அழுத்த வேண்டும். முதல் நாள் பொறுமையில்லாமல் ஈரத்தோடு ஒட்டி, கட்டைவிரல் கழன்று சாம்பார் பக்கத்தில் கிடந்தது. வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. வெள்ளிப் பெயின்ட்டை நேராக ஸ்பிரே செய்தாலும் மேட் குடித்துவிடும். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மூன்று முறை பூசிக் காயவைத்த பிறகுதான் உலோகம் மாதிரி மின்னியது. கறுப்பு ஜாக்கெட், பாண்டிச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி 200. கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தானே. எல்லாம் சேர்த்து 680 ரூபாய்.

விடியற்காலை பஸ். கிளாம்பாக்கத்தில் ஆட்டோக்காரர்களைப் பார்க்காமல் நடந்து, மாநகர பஸ்ஸில் கத்திப்பாரா, அங்கிருந்து போரூர் பக்கம் போகும் இன்னொரு பஸ். சாதாரணக் கட்டண பஸ் என்பதால் மகளுக்கு டிக்கெட் இல்லை. வாசலில் சோதனை, அட்டையும் ஃபோமும் என்றால் விட்டுவிடுகிறார்கள். புளியோதரையை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்து, வெளியே மரத்தடியிலேயே முடித்துவிட்டோம்.

உள்ளே செலவுக்கு அவள் கையில் ஒரு கவரில் 1,500 கொடுத்திருந்தேன். தீர்ந்தால் தீர்ந்தது. ஒரு கடையில் கையகல பொம்மையை எடுத்துத் திருப்பினாள். அடியில் 2,800 என்று ஸ்டிக்கர். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தாள். எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. கடைசியில் இரண்டு புத்தகமும் ஒரு சாவிக்கொத்தும் வாங்கி 310 ரூபாய் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் வயசுப் பிள்ளைகள் யாருக்கும் மாயாவியைத் தெரியவில்லை. “தானோஸா?” என்று ஹாலிவுட் பட வில்லன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். ஆனால் தலை நரைத்த அப்பாக்கள் ஒவ்வொருவராக வந்து அந்தக் கையைக் குலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் வாடகை நூலகத்தில் நாலணாவுக்குப் படித்த கதையையே ஆரம்பித்துவிட்டார்.

மொத்தம் 5,120. நோட்டில் எழுதியாச்சு.

ராத்திரி திரும்பும் பஸ்ஸில் பைக்குள் அடங்காமல் கை மட்டும் ஜிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டருக்கு ஐம்பது வயசு இருக்கும். இரண்டு கடலூர் கிழித்துக் கொடுத்தவர், கையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“சார், பக்கத்துல மாயாவி உட்கார்ந்திருக்காரு போல. அவருக்கு டிக்கெட் எடுத்தாச்சா?”