விறகுக் கொட்டிலில் கிடந்த பி.எஸ்.ஏ. பேண்டத்தை மீண்டும் ஓட வைத்தது

இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கண்டாக்கையாவாக (வேலை மேற்பார்வையாளராக) இருந்த என் பெரியப்பா, ஊருக்குத் திரும்பவிருந்த சின்னத்துரை (உதவித் தோட்ட முகாமையாளர்) ஒருவரிடம் வாங்கிய பி.எஸ்.ஏ. பேண்டம் டி1 மோட்டார் சைக்கிள், அவர் ஓய்வு பெற்ற பிறகு குவார்ட்டர்ஸின் பின்புற விறகுக் கொட்டிலில் பல ஆண்டுகள் கிடந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய மோட்டார் சைக்கிள்களுக்கும் எட்டாத விலை சொல்லப்பட்ட காலத்தில், அதை இரும்பு விலைக்குக் கேட்டவர்களும் பழம்பொருள் விலைக்குக் கேட்டவர்களும் மாறி மாறி வந்தார்கள். பெரியம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. வண்டியை அலங்காரப் பொருளாக நிறுத்தாமல் ஹட்டன் பாதையில் ஓட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு என்னிடம் ஒப்படைத்தார். இந்தக் குறிப்பு முழுவதும் அந்த நிபந்தனையைச் சார்ந்ததே. மலைநாட்டில் ஒரு பழைய வண்டியைக் கெடுப்பது ஈரம். அதைத் திரும்ப ஓட்டும்போது சோதிப்பது இறக்கம். இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே ஒவ்வொரு வேலையையும் செய்தோம்.

பேண்டம் 123 சிசி கொண்ட இரு ஸ்ட்ரோக் வண்டி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியிடமிருந்து போர் இழப்பீடாகப் பெறப்பட்ட டி.கே.டபிள்யூ. ஆர்டி 125 வண்டியின் வரைபடங்களைக் கொண்டு, 1948இல் பர்மிங்ஹாமில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். என்ஜினை இடம் வலமாகப் புரட்டி வடிவமைத்ததால், அன்றைய பிரித்தானிய வழக்கப்படி கியர் வலது காலுக்கும் பின் பிரேக் இடது காலுக்கும் வந்தன. இக்கால வண்டிகளில் பழகியவருக்கு இது நேர் எதிர். பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும் ஒரு கணம் சமவெளியில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். கொண்டை ஊசி வளைவில் அப்படி விட்டுவிட முடியாது. எனவே வண்டியை முடித்துப் பாதையில் இறக்குவதற்கு முன், தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) முற்றத்தில் மெதுவாக ஓட்டிக் காலைப் பழக்கிக்கொண்டேன்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பதிவுப் புத்தகத்தை எடுத்தோம். சட்டகத்தில் பொறித்த இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் துருவைத் துடைத்துப் படித்து, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், இரண்டும் பொருந்தின. இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய காலத்து ஆங்கில எழுத்து இலக்கம் கொண்ட வண்டி அது. இத்தகைய வண்டிகளில் பிற்காலத்தில் என்ஜின் மாற்றப்பட்டிருப்பது வழக்கம். இலக்கங்கள் பொருந்தவில்லை என்றால், எவ்வளவு நன்றாகத் திருத்தினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றத்துக்கும் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் அலைய நேரிடும். பணத்தைச் செலவழிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது எவருக்கும் நல்லது.

வண்டியை மூடியிருந்த படங்கு அதைக் காப்பாற்றவில்லை. மண் தரையிலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியின்றிப் படங்கின் அடியில் தங்கி, மேற்பாகத்தைவிட அடிப்பாகத்தையே அதிகம் அரித்திருந்தது. சக்கர விளிம்புகளின் குரோம் உதிர்ந்திருந்தது. டயர்கள் விறைத்து வெடித்திருந்தன. அதே சமயம், எண்ணெய் கசிந்து அழுக்கு அப்பியிருந்த இடங்களில் அடியில் இருந்த இரும்பு புதிதுபோல் இருந்தது.

தோட்ட ஸ்டோரில் பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பாஸ் (தொழில் தெரிந்த மேஸ்திரி) எங்களுக்கு உதவ வந்தார். "தம்பி, உதைச்சுப் பார்க்க வேணாம். உள்ளுக்குள்ள என்ன நடந்திருக்குன்னு முதல்ல பார்ப்போம்" என்பதே அவர் சொன்ன முதல் வார்த்தை. இதற்குக் காரணம் உண்டு. இரு ஸ்ட்ரோக் என்ஜினில் வால்வுகள் இல்லை. பிஸ்டன் நின்ற இடத்தைப் பொறுத்து சிலிண்டரின் துவாரங்கள் திறந்தே கிடக்கும். சைலன்சர் வழியாக மூடுபனிக் காற்று உள்ளே போய், சிலிண்டர் சுவரில் துரு வளையமாகப் படியும். அந்த நிலையில் கிக்கரை ஓங்கி மிதித்தால் பிஸ்டன் ரிங் உடையும். உடைந்த துண்டு துவாரத்தில் சிக்கினால் சிலிண்டரும் போய்விடும். ஆனால் பெற்றோலோடு கலந்து வந்த எண்ணெய், பெற்றோல் ஆவியான பின் கிராங்க் அறையின் அடியில் தங்கிப் பேரிங்குகளை ஓரளவு காத்திருக்கும். மேலே கெட்டிருப்பதால் கீழேயும் கெட்டிருக்கும் என்று முடிவு செய்யத் தேவையில்லை.

எங்கள் பிஸ்டன் இறுகியே இருந்தது. பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் எண்ணெயும் கலந்த கலவையைப் பிளக் துவாரத்தில் ஊற்றி, ஊறும்வரை விட்டுவைத்தோம். பிறகு மேல் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். கிக்கரை மிதிப்பதைவிட இந்த வழியில் விசை மென்மையாகச் செல்வதால், எங்கே தடுக்கிறது என்பதைக் கையே உணர்ந்துவிடும். பிஸ்டன் விட்டுக்கொடுத்த பின் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது, துவாரங்களுக்கு மேலே துரு ஆழமாகக் குழி விழுத்தியிருந்தது. கண்டியில் லேத் வேலை செய்பவர் ஒருவரிடம் கொடுத்து சிலிண்டர் துளையை 0.020 அங்குலம் பெரிதாகக் கடைந்து (போர் செய்து), அதற்குரிய பிஸ்டனையும் ரிங்குகளையும் பொருத்தினோம்.

பெற்றோல் டேங்கில்தான் நான் மிகுந்த கவனம் எடுத்தேன். உள்ளே துருவும், காய்ந்த பெற்றோலின் பிசினும், பூண்டு அழுகியதுபோன்ற ஒரு நாற்றமும். ஆணியும் சல்லியும் போட்டுக் குலுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. மெலிந்துபோன தகட்டுக்கு அது ஆகாது என்பதால் மின்பகுப்பு முறையைத் தேர்ந்தெடுத்தோம். சலவைச் சோடா கரைத்த தண்ணீரை டேங்க் நிறைய ஊற்றி, வாய்வழியே சாதாரண இரும்புக் கம்பி ஒன்றை, டேங்கின் எந்தப் பகுதியிலும் படாதபடி ரப்பரால் தாங்கித் தொங்கவிட்டு, பற்றரி சார்ஜரின் நேர் முனையைக் கம்பிக்கும் எதிர் முனையை டேங்கின் அடியில் சுரண்டிய இடத்துக்கும் கொடுத்தோம். முனைகளை மாற்றிக் கொடுத்தால் டேங்கே கரையத் தொடங்கும். துருப்பிடிக்காத உருக்குக் கம்பியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். வேலை நடக்கும்போது ஐதரசன் வாயு வெளியேறுவதால், வெளியே திறந்த இடத்தில், தீக்குச்சியும் சிகரெட்டும் அண்டாமல் செய்ய வேண்டும். கம்பியில் படியும் துருவை அவ்வப்போது துடைத்துப் போட்டுக்கொண்டே இருந்தால், உட்சுவர் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். தண்ணீரை வடித்ததும் வெந்நீரில் அலசி, சூடான காற்றில் உலர்த்தி, உடனே இரு ஸ்ட்ரோக் எண்ணெயை உள்ளே சுழற்றிப் பூசினோம். எங்கள் காலநிலையில் ஒரு இரவு வெறுமனே விட்டாலும் செந்துரு மீண்டும் பூத்துவிடும். வெளிப்புறத்தின் மங்கிய பச்சை வர்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மின்சாரப் பகுதி அவ்வளவு தொல்லை தரவில்லை. இந்த வண்டியின் தீப்பொறிக்குப் பற்றரி தேவையில்லை; காந்தச் சக்கரம் சுழன்றாலே போதும். கண்டென்சர் எதிர்பார்த்தபடியே செத்திருந்ததால் புதியது ஒன்றைப் போட்டு, தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனையான பாயின்டைத் துடைத்து 0.015 அங்குல இடைவெளி வைத்தோம். சிலிண்டர் தலை கழன்றிருந்த நிலையிலேயே, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் முன்பாகப் பாயின்ட் திறக்கும்படி நேரத்தையும் சரிசெய்தோம்.

பலரும் தவிர்த்துவிடும் வேலை கிராங்க் சீல்களை (சுழல்தண்டின் கசிவுத் தடுப்பு வளையங்களை) மாற்றுவதுதான். அதற்கு என்ஜினை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதால், ஓடத் தொடங்கிய வண்டியைப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் அறையே ஒரு பம்ப். சீல் விறைத்துப்போனால் காந்தச் சக்கரப் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வந்து கலவையை மெலிதாக்கும். கலவை மெலிந்தால் என்ஜின் சூடேறிப் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடிக்கும். மற்றப் பக்கத்துச் சீல் போனால் கியர் பெட்டியின் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகையாக வெளியேறும். புகையைப் பார்த்து எண்ணெய்க் கலவையைக் குறைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிஸ்டனுக்குக் கிடைக்கும் எண்ணெய் குறையுமே தவிர, புகை நிற்காது. பழைய சீல்களை அளந்து, கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பொருத்தமானவற்றைத் தேடி எடுத்தோம். என்ஜின் பிரிந்திருக்கும்போதே பேரிங்குகளையும் மாற்றிவிட்டோம்.

கிளச் தட்டுகளில் இருப்பது தக்கை. அது காய்ந்து உருக்குத் தட்டோடு ஒட்டிப்போயிருந்ததால், இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூலம் புதிய தட்டுகளை வரவழைத்தோம். பேண்டத்தின் உதிரிப்பாகங்கள் அங்கே இன்றும் கிடைக்கின்றன. கியர் பெட்டிக்கும் கிளச்சுக்கும் ஒரே எண்ணெய்தான் என்பதால், உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் கலந்த புதுவகைக் கார் எண்ணெயைத் தவிர்த்து, எஸ்.ஏ.ஈ. 40 ஒற்றைத் தர எண்ணெயை ஊற்றினோம்.

பெற்றோலில் எண்ணெயை லீற்றருக்கு 50 மில்லி வீதம் கலந்து, பாஸின் அனுமதியோடு முதன்முறையாகக் கிக்கரை மிதித்தபோது என்ஜின் ஓடத் தொடங்கியது. பெரியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

ஆயினும் ஸ்டார்ட் ஆன வண்டி பாதைக்குத் தயாரான வண்டி அல்ல. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கொழும்புக்குச் சரியாக இருக்கும் ஜெட் (பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் நுண்துளைத் திருகு), இங்கே பெற்றோலை மிகுதியாகக் கொடுத்துப் பிளக்கைக் கரியாக்கும். அதனால் கார்பரேட்டரில் ஒரு அளவு சிறிய மெயின் ஜெட்டைப் போட்டோம். கீழ்நாட்டுக்கு ஓட்டிச் செல்லும்போது பழைய ஜெட்டைத் திரும்பப் போட வேண்டும். போடாவிட்டால் கலவை மெலிந்துவிடும். இரண்டையும் கருவிப் பையில் வைத்திருக்கிறேன்.

இனி இறக்கம். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் தூசியை ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். புதிய லைனிங் ஒட்டி, ஷூக்கள் டிரம்மில் முழுமையாகப் படும்வரை தேய்த்துப் பொருத்தி, கேபிளையும் மாற்றினோம். அப்படியிருந்தும் அந்தச் சிறிய டிரம்கள், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கும் நீண்ட பாதைக்குத் தாராளமானவை அல்ல. குறைந்த கியரில் இறங்கி என்ஜினின் தடையைப் பயன்படுத்துவது இயல்பு. அங்கேதான் இரு ஸ்ட்ரோக் வண்டியின் தனி ஆபத்து இருக்கிறது: பிஸ்டனுக்கு எண்ணெய் போவது பெற்றோலோடு மட்டுமே. ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு நெடுந்தூரம் இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுழலும், எண்ணெயோ போகாது. புதிதாக போர் செய்த சிலிண்டர் பிடித்துப் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். ஆகவே இறக்கத்தில் சிறிது இடைவெளிக்கு ஒருமுறை கிளச்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைத் திறந்து மூடுகிறேன். இடது கை எப்போதும் கிளச் மேலேயே இருக்கும். இரு ஸ்ட்ரோக் ஆட்டோ ஓட்டிய பழைய சாரதிகளுக்கு இது தெரியும். நான்கு ஸ்ட்ரோக்கில் பழகிய இளைஞர்களுக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

புது வர்ணம் பூசும்படி பலர் சொல்கிறார்கள். பெரியப்பாவின் முழங்கால் உரசி வெளுத்த டேங்கின் ஓரங்களை மறைக்க எனக்கு மனமில்லை. துருப்பிடித்த இடங்களில் மட்டும் துருத்தடுப்பு பூசியிருக்கிறேன். வண்டி இப்போது சிமெந்துத் தரையில், பலகை மேல், காற்றோட்டமுள்ள பருத்தித் துணியின் கீழ் நிற்கிறது. ஸ்பீடோமீற்றர் இன்னும் வேலை செய்யவில்லை. முன் சக்கரத்தில் சில ஸ்போக்குகள் நம்பும்படியாக இல்லாததால், அடுத்த தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அவற்றைக் கட்டி முடிக்கும்படி பாஸிடம் சக்கரத்தைக் கொடுத்திருக்கிறேன்.