கடை மூடினால் மறுபடி கிடைக்காதது சக்கரம்

மாடல் ரயில் பொருட்கள் விற்கும் கடை ஒன்று மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும், எல்லோரும் முதலில் இன்ஜின்களைத்தான் அள்ளுகிறார்கள். எனக்கு இது இன்றுவரை புரியவில்லை. இன்ஜின் எங்கும் போய்விடாது. பழைய பொருள் விற்பவரிடம் கிடைக்கும், ஏலத்தில் கிடைக்கும், கொஞ்சம் பொறுத்தால் வேறொரு கம்பெனி அதையே இன்னும் நன்றாகச் செய்து விற்கும். மறுபடி கிடைக்காதவை கீழ் இழுப்பறையில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் கிடக்கும் சமாச்சாரங்கள்தான். ஒரு ஜோடி சக்கரம், மாற்று கியர், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்குக்கான ஸ்பிரிங், மோட்டாரின் கார்பன் பிரஷ். அந்த இழுப்பறையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

நான் செய்வது 1:160, அதாவது நிஜ ரயிலின் 160-இல் ஒரு பங்கு அளவு. ‘N ஸ்கேல்’ என்பார்கள். தண்டவாளங்களின் இடைவெளி 9 மி.மீ. ஆறடி ஆள் இதில் 11 மி.மீ. சொச்சம் உயரம். இதைவிடச் சின்னதும் உண்டு. மார்க்லின் என்ற ஜெர்மன் கம்பெனி 1972-இல் கொண்டுவந்த இசட் ஸ்கேல் 1:220, இடைவெளி 6.5 மி.மீ. அதற்கும் கீழே டி கேஜ், 1:450, வெறும் 3 மி.மீ. அதையெல்லாம் பார்த்து ரசிப்பதோடு சரி. என் கண்ணுக்கு 1:160-தான் எல்லை, அதுவும் தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியோடு. பெரிய ஸ்கேலில் ஒரு பாகம் கிடைக்கவில்லை என்றால் கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்றை வாங்கித் தேய்த்துச் சரிக்கட்டலாம். இங்கே கால் மில்லிமீட்டர் தப்பினாலே தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயின்ட்டில் பெட்டி தடம் புரளும். கடை மூடும் செய்தி சின்ன ஸ்கேல்காரர்களை அதிகம் உலுக்குவது அதனால்தான்.

அப்படிப்பட்ட செய்திகளுக்கு இப்போது பஞ்சமில்லை. அமெரிக்காவில் டென்வரின் கபூஸ் ஹாபீஸ் 2016-இல் மூடியது. 1946-இல் லிவர்பூலில் தொடங்கிய ஹாட்டன்ஸ், 2024 ஜனவரியில் வியாபாரத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பெயின்ட் பக்கம் போனால், ஃப்ளோக்வில் என்ற மாடல் பெயின்ட் 2013-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ரயில் கம்பெனிகளின் நிறத்துக்கு அந்தக் குப்பிகளையே அளவுகோலாக வைத்திருந்தவர்கள், பாதி காய்ந்ததைக்கூட இன்னும் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறார்கள். கடைகள் மூடும் காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஆயிரக்கணக்கான சின்ன உருப்படிகளை வாங்கி அடுக்க வேண்டும்; அதில் பாதி, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் விற்கும். வேகமாக விற்கிற இன்ஜினையோ இப்போது பல தயாரிப்பாளர்கள் நேராகவே முன்பதிவு வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். கடைக்காரருக்கு மிஞ்சுவது ஸ்பிரிங்கும் திருகாணியும்.

கடை வேறு, தயாரிப்பாளர் வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கடை மூடினால் வேறு கடை. ஆனால் தயாரித்தவரே ஓய்வுபெற்றுவிட்டால்? இந்தத் தொழிலின் பாதி, வீட்டுப் பின்கட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்பவர்களிடம் இருக்கிறது. அவர்கள் நிறுத்தும்போது அந்தப் பொருள் பிழைக்குமா என்பதை ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது எந்த முறையில் செய்யப்பட்டது என்று பார்த்தால் ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

எஃகு மோல்டில் வார்த்த பிளாஸ்டிக் என்றால் கவலையே வேண்டாம். கம்பெனி செத்தாலும் மோல்டு சாகாது. ரோஸ்பட் என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனி 1959-இல் கிட்மாஸ்டர் என்ற பெயரில் நாமே ஒட்டிச் சேர்க்கும் ரயில் கிட்டுகளை விற்க ஆரம்பித்தது. மூன்று நான்கு வருடத்தில் அது படுத்துவிட்டது. மோல்டுகள் 1962-இல் ஏர்ஃபிக்ஸுக்குப் போயின, அங்கிருந்து பிற்பாடு டேப்போலுக்கு. அறுபது வருடம் தாண்டியும் அதே மோல்டிலிருந்து கிட்டுகள் விழுகின்றன, ஓரத்தில் கொஞ்சம் பிசிறோடு. இத்தாலியின் மாடல் ரயில் கம்பெனி லீமா 2004-இல் திவாலானபோது, பிரிட்டனின் ஹார்ன்பி வாங்கிப்போட்டதும் முக்கியமாக இந்த மோல்டுகளைத்தான். பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்து எடுக்கும் எட்ச்சிங் பாகங்களுக்கும் ஆயுள் கெட்டி. மூலம் ஒரு படச்சுருள்தான், இப்போது கணினிக் கோப்பு. யாராவது வாங்கி, எட்ச்சிங் செய்பவரிடம் கொடுத்தால் மறுபடி தகடு வந்துவிடும். ஆபத்தில் இருப்பது ஒயிட்மெட்டல் என்ற, எளிதில் உருகும் உலோகக் கலவை. அது ரப்பர் மோல்டில் வார்ப்பது. ரப்பர் சூட்டில் வெந்து கீறல் விட்டு, குறிப்பிட்ட தடவைக்குப் பிறகு போய்விடும். மூல உருவம் கையில் இருந்தால் புது மோல்டு போடலாம். தொலைந்திருந்தால் அந்தப் பொருளின் கதை அவ்வளவுதான். அதனால் ஒற்றை ஆள் தயாரிப்பாளர் ஒருவர் ஓய்வுபெறுகிறார் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் வாங்குவது அவருடைய ஒயிட்மெட்டல் பாகங்களை. எட்ச்சிங் காத்திருக்கும்.

முப்பரிமாண அச்சு வந்த பிறகு இந்தக் கவலையெல்லாம் தீர்ந்தது என்றுதான் பலர் நினைத்தோம். ஷேப்வேஸ் தளத்தில் யாரோ ஒருவர் வரைபடத்தை ஏற்றிவைப்பார். நாம் கேட்டால் கம்பெனி தன் பெரிய இயந்திரத்தில் அச்சிட்டு அனுப்பும். சரக்கு அடுக்க வேண்டாம், வாடகை வேண்டாம். வேறெங்கும் கிடைக்காத N ஸ்கேல், இசட் ஸ்கேல் பெட்டிகள் ஏராளமாக அங்கேதான் இருந்தன. 2024 ஜூலையில் அந்தக் கம்பெனியே திவால் மனு கொடுத்தது. பிறகு அதன் பழைய ஆட்கள் சிலர் எடுத்து மறுபடி நடத்துகிறார்கள் என்றாலும், எத்தனை கடைகளின் சரக்கு ஒரே கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, எதை வாங்கிச் சேர்ப்பது, எதை நாமே செய்துகொள்வது? என் கணக்கு கொஞ்சம் கறாரானது. சுழலும் பொருள் எதுவானாலும் வாங்கு. அசையாத பொருள் எதுவானாலும் செய்.

அசையாததில் எளிதானது கைப்பிடிக் கம்பி. நிஜ இன்ஜினில் அது 32 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், 1:160-இல் 0.2 மி.மீ. ஆனால் பழைய மாடல்களில் உடலோடு சேர்த்து வார்த்த கைப்பிடி அரை மில்லிமீட்டர் இருக்கும். நிஜத்துக்கு மாற்றினால் 80 மி.மீ.; டிரைவர் உலக்கையைப் பிடித்துத்தான் மேலே ஏற வேண்டும். அதைச் சீவி எடுத்துவிட்டு 0.2 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பி போடுகிறேன். பித்தளைக் கம்பி கை பட்டால் வளையும், இது வளைந்தாலும் நிமிரும். துளைக்கு 0.3 மி.மீ. டிரில் பிட். சர்க்யூட் போர்டுக்கு விற்கும் கார்பைடு பிட் கூர்மையானதுதான், ஆனால் கையால் திருகும்போது பக்கவாட்டில் ஒரு மூச்சு பட்டாலும் ஒடியும். பின் வைஸ் என்ற சின்னக் கைப்பிடியில் போட்டுக் கையால் துளைக்க, ஹெச்எஸ்எஸ் எஃகு பிட்தான் பொறுமைசாலி. துளைக்கும் இடத்தில் தையல் ஊசியால் முதலில் ஒரு குத்து, அப்புறம் பிட். கம்பிகள் எல்லாம் ஒரே நீளத்தில் வளைய, ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சரியான அகலத்துக்கு வெட்டி, அதன்மேல் மடக்கினால் போதும். அந்தத் துண்டின்மேல் அளவை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் மேசையில் கிடக்கும் மற்ற துண்டுகளோடு கலந்துவிடும்.

ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டும்போது கவனிக்க வேண்டியது கரைப்பான். 0.25 மி.மீ. பட்டையில் வழக்கமான வேகக் கரைப்பானைத் தொட்டால், பட்டையே குழைந்து காணாமல் போகும். எலுமிச்சை வாசம் அடிக்கும் லிமோனீன் வகை மெதுவாகத்தான் வேலை செய்யும். சின்ன ஸ்கேலுக்கு அந்த மெத்தனம்தான் வேண்டும். தூரிகையைக் குப்பியில் தோய்த்து, துணியில் ஒற்றி, மிச்சமிருக்கும் ஈரத்தை மட்டும் இடுக்கில் வைத்தால் அது தானே உள்ளே ஓடும்.

செங்கல் சுவருக்கு இன்னொரு கணக்கு. செங்கல்களுக்கு நடுவில் இருக்கும் 10 மி.மீ. சாந்து இந்த அளவில் 0.06 மி.மீ. அதைக் கீறிக் காட்ட முடியாது, கீறக் கூடாது. அச்சடித்த காகிதச் சுவர் சில சமயம் வார்த்த பிளாஸ்டிக்கைவிட நிஜமாகத் தெரிவது இதனால்தான். பெயின்ட்டும் அப்படியே. கை தூரிகையால் கனமாகப் பூசிய பூச்சு 0.05 மி.மீ. இருந்தாலும் நிஜ அளவுக்கு 8 மி.மீ. தடிமன், ரிவெட்டுகள் எல்லாம் மூழ்கிப்போகும். நிறத்தையும் அப்படியே எடுத்துப் பூசக் கூடாது. சின்ன மாடலில் எந்த நிறமும் அசலைவிட இருட்டாகத் தெரியும், கொஞ்சம் வெள்ளையோ சாம்பலோ கலக்க வேண்டும். சுத்தக் கறுப்பை நான் குப்பியிலிருந்து எடுப்பதே இல்லை. ஃப்ளோக்வில் போன துக்கம் எனக்கு மற்றவர்கள் அளவுக்கு இல்லாததற்குக் காரணமும் இதுதான். எப்படியும் கலக்கத்தானே போகிறோம்.

தண்டவாளத்தில்தான் சின்ன ஸ்கேலின் மானம் போகிறது. கோட் 80 என்றால் தண்டவாளத்தின் உயரம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 80 பங்கு, அதாவது 2 மி.மீ. கனரகத் தடங்களில் போடும் நிஜத் தண்டவாளமே 172 மி.மீ.தான், 1:160-க்கு 1.1 மி.மீ. கூட வராது. கோட் 80-ஐ நிஜத்துக்குப் பெருக்கினால் 325 மி.மீ., ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோட் 55 பரவாயில்லை, கோட் 40 கிட்டத்தட்ட சரி. பீகோ கம்பெனி செய்யும் கோட் 55-இல் ஒரு சாமர்த்தியம் உண்டு. தண்டவாளம் உண்மையில் உயரமானதுதான், கீழ்ப்பகுதியைப் பிளாஸ்டிக் ஸ்லீப்பருக்குள் புதைத்துவிட்டார்கள். வெளியே தெரிவது மட்டும் 1.4 மி.மீ. அதனால் பலமாகவும் இருக்கும், பழைய பெட்டிகளின் ஆழமான சக்கர விளிம்பும் ஓடும். கோட் 40-க்கு மாறினால் அந்த விளிம்புகள் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் தட்டித் தட்டி ஓடும். அப்போது எல்லாப் பெட்டிக்கும் தாழ்ந்த விளிம்புள்ள சக்கரம் மாற்ற வேண்டும். வந்து நின்ற இடம் பார்த்தீர்களா, மறுபடியும் சக்கரம்.

சக்கரத்தை வீட்டில் ஏன் செய்ய முடியாது என்று கேட்பவர்களுக்கு: உலோகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மின்சாரம் அது வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. ஆனால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் மின்சாரம் பாயக் கூடாது, ஒரு பக்கமாவது இன்சுலேஷன் வேண்டும். ஆக்ஸிலுக்கு நேர் நடுவில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி நொண்டும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ரெசின் பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் இந்த மூன்றும் ஒருசேர அமையாது. ரெசின் அச்சை நான் குறைசொல்லவில்லை; ஆக்ஸில் பெட்டி, கூரைக் காற்றோட்டி, படிக்கட்டு எல்லாம் அருமையாக வரும். லேத் வைத்திருக்கிற புண்ணியவான்கள் சக்கரம் கடைந்துகொள்ளலாம், மற்றவர்கள் வாங்க வேண்டியதுதான்.

கியரும் அதே ரகம். பழைய N ஸ்கேல் இன்ஜின் ஒன்று ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று சத்தம் போட்டால், பெரும்பாலும் ஆக்ஸிலில் இறுக்கி ஏற்றிய பிளாஸ்டிக் கியர் காலப்போக்கில் சுருங்கி விரிசல் விட்டிருக்கும். விரிசல் விட்ட இடத்தில் பற்களின் இடைவெளி கூடிவிடும். ஒட்டினால் கொஞ்ச நாள் ஓடும். சரியான வைத்தியம் புதுக் கியர். விற்பனையில் இருக்கும் இன்ஜினுக்கு மாற்று கியர் இன்றைக்குக் கிடைக்கிறது என்றால், இன்ஜின் நன்றாக ஓடும்போதே ஒன்று வாங்கி அதே பெட்டிக்குள் போட்டு வைத்துவிடுகிறேன்.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறாமை டூ எம்எம் ஸ்கேல் அசோசியேஷன்மேல்தான். 1960-இல் பிரிட்டனில் தொடங்கிய சங்கம். அவர்கள் அளவு 1:152, இடைவெளி 9.42 மி.மீ. இந்த அளவுக்கு எந்தப் பெரிய கம்பெனியும் சக்கரமோ கியரோ செய்து தராது என்பதால், சங்கமே செய்ய வைத்து உறுப்பினர்களுக்கு விற்கிறது. விற்பவர்கள் தன்னார்வலர்கள். லாபம் வரவில்லை என்று அதை மூட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒரே சிக்கல், பொறுப்பில் இருப்பவர் விலகும்போது பெட்டி பெட்டியாகச் சரக்கை வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொள்ள இன்னொருவர் முன்வர வேண்டும். அவருடைய வீட்டில் இருப்பவர்களும் சம்மதிக்க வேண்டும்.

என் இழுப்பறையில் இப்போதைக்கு 5.75 மி.மீ. விட்டச் சக்கரங்கள் தாராளமாக இருக்கின்றன, 920 மி.மீ. நிஜச் சக்கரத்துக்கு அது கச்சிதம். ஸ்போக் வைத்தவைதான் குறைவு. அவற்றை விற்கும் ஒற்றை ஆள் தயாரிப்பாளர், ஆர்டர்களை இனி மெதுவாகத்தான் அனுப்புவேன் என்று எழுதியிருக்கிறார். வயதானவர். நானும் அவசரமில்லை என்று பதில் போட்டுவிட்டு, வழக்கமாக வாங்குவதைவிட இரண்டு மடங்கு கேட்டிருக்கிறேன்.