செக்கன் சை (இரண்டாம் தடவை) உயிரியல்: சியிலிருந்து ஏக்கு வந்த ஐந்து மாதம்

இலங்கையில் எங்கள் 2021 ஏ.எல் (உயர்தர) பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் நடந்தது. முடிவு வர ஓகஸ்ட் 28 ஆகிவிட்டது. உயிரியல் சி, இரசாயனவியல் சி, பௌதிகவியல் எஸ், அதாவது வெறும் சித்தி. மற்ற இரண்டும் எனக்கு அதிர்ச்சியில்லை, பொய் சொல்லக் கூடாது. உயிரியலுக்குத்தான் அழுதேன், ஏனென்றால் மூன்று பாடத்திலும் நான் நேரம் காலம் பார்க்காமல் இருந்து படித்தது அதைத்தான். பத்து அலகையும் நான்கு தடவையாவது வாசித்திருப்பேன். வளநூலில் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கோடு போட்டுப் போட்டு, கடைசியில் கோடு போடாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த பரீட்சை 2023 ஜனவரி 23இல் தொடங்கியது. இடையில் ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. டவுனுக்குப் போய் மறுபடி தியரி கிளாஸ் இருக்க வீட்டில் காசும் இல்லை, பஸ்ஸை நம்பவும் முடியாது. எரிபொருளுக்கு எல்லாரும் கியூவில் நின்ற வருடம் அது. சனிக்கிழமை வினாத்தாள் செய்து பழகும் பேப்பர் கிளாஸ் ஒன்றுக்கு மட்டும் போவது, மற்றபடி வீட்டிலேயே படிப்பது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தேன் என்று சொல்வது கொஞ்சம் கூட, வேறு வழி இருக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா மருத்துவபீடத்தில் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்தவரிடம் என் மூன்று நிற வளநூலோடு போய் நின்றேன். அவர் புத்தகத்தை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ஹென்லேயின் தடத்தில என்ன நடக்குது எண்டு சொல்லு பாப்பம்" என்றார். சிறுநீரகத்தில் வளைந்து போகும் நுண்குழாய்ப் பகுதி அது. நீர் மீள அகத்துறிஞ்சப்படும், சிறுநீர் செறிவாகும் என்றேன். "பிறகு?" என்றார். பிறகு ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கத்தின் எந்த மூலையில் எந்த நிறக் கோடு இருக்கிறது என்பதுவரை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் வரிகள் வரவில்லை. "எடியேய், நீ வாசிச்சிருக்கிறாய், அவ்வளவுதான். நினைவில இருந்து ஒரு நாளாவது எழுதிப் பாத்தனியே?" என்று கேட்டார். இல்லை. நான்கு தடவை வாசித்ததில் ஒரு தடவைகூட புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் செய்தார். பரீட்சைத் திணைக்களத்தின் பழைய புள்ளித்திட்டம் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். நான் பாஸ்ட் பேப்பர் செய்திருந்தேன், ஆனால் புள்ளித்திட்டத்தை விடை சரியா பிழையா என்று பார்க்க மட்டுமே திறந்திருந்தேன். கட்டுரை வினா ஒன்றுக்கு 150 புள்ளி. நான் பார்த்த திட்டங்களில் அது 38 கருத்து, ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி, உச்சம் 150 என்ற கணக்கில்தான் போகிறது. அதாவது திருத்துகிறவர் என் தமிழ் நடையை ரசிக்கப் போவதில்லை, கருத்துகளை எண்ணிக்கொண்டு போவார். நான் முதல் தடவை எழுதிய கட்டுரைகள் இரண்டு பக்கம் இருக்கும், அழகாக இருக்கும், எண்ணினால் பதினான்கு கருத்து தேறாது.

அதே ஹென்லேயின் தடத்தையே எடுங்கள். "நீர் அகத்துறிஞ்சப்படும்" என்று எழுதினால் ஒரு கருத்து. வடிதிரவம் இறங்கு புயத்தினூடாகக் கீழே போகிறது, இறங்கு புயத்தின் சுவர் நீரை உட்புகவிடும், உப்பை அவ்வளவாக விடாது, சூழவுள்ள பாய்பொருள் வடிதிரவத்தைவிடச் செறிவு கூடியது, ஆகவே நீர் பிரசாரணத்தால் (ஒஸ்மோசிஸ்) வெளியேறுகிறது, வடிதிரவம் செறிவடைகிறது. ஏறு புயம் நீரை விடாது, அதன் மெல்லிய பகுதியில் உப்பு பரவலால் வெளியேறும், தடித்த பகுதியில் உயிர்ப்பாக வெளியேற்றப்படும், அதற்குச் சக்தி செலவாகும், வடிதிரவம் மீண்டும் செறிவு குறைந்து ஐதாகிறது. எண்ணிப் பாருங்கள், பத்துக்கு மேல் வரும். இதில் ஒன்றுகூட எனக்குப் புது விஷயம் இல்லை. எல்லாம் கோடு போட்ட வரிகள்தான்.

அதுக்குப் பிறகு படிக்கும் முறையே மாறியது. ஒரு தலைப்பை ஒருதரம் வாசிப்பேன், புத்தகத்தை மூடுவேன், நினைவில் வருவதையெல்லாம் ஒரு வசனத்துக்கு ஒரு கருத்தாக எழுதுவேன், பிறகு திறந்து விட்டுப்போனதைப் பார்ப்பேன். சொல்லும்போது சுகமாக இருக்கிறது. செய்யும்போது அவமானமாக இருக்கும், முதல் இரண்டு கிழமையும் பாதிகூட வராது. அதோடு அந்த வருடம் கொப்பி விலை ஏறியிருந்த ஏற்றத்துக்கு, எழுதித் தள்ளுவதற்குப் பெரிய சீ.ஆர் கொப்பி வாங்கித் தரச் சொல்லி அம்மாவிடம் கேட்க மனம் வரவில்லை. எங்கள் பின்னறைக் கதவு பழைய பலகைக் கதவு. அதற்குக் கறுப்புப் பெயின்ற் அடித்து, ஒரு பெட்டி சோக் வாங்கினேன். எழுதுவது, பார்ப்பது, ஈரத்துணியால் துடைப்பது. துடைத்துவிட வேண்டும் என்பதால் அழகாக எழுதவும் தோன்றவில்லை, அதைக் குறிப்பாக வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும் பழக்கமும் போனது. கொப்பி மலிவாக இருந்திருந்தால் நான் இன்னொரு அழகான நோட்ஸ் எழுதி, அதற்கும் கோடு போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கதவில் வராமல் போனவற்றை மட்டும் ஒரு சின்னக் கொப்பியில் ஒரு வரியாகக் குறித்தேன். திங்கள் வராமல் போனது வெள்ளிக்கிழமை மறுபடி கதவுக்கு வரும், அதுக்குப் பிறகு அடுத்த மாதம் ஒருதரம். சில வரிகள் மூன்று மாதமும் அந்தக் கொப்பியை விட்டுப் போகவே இல்லை. ஒடுக்கற்பிரிவின் (மியோசிஸ்) மேன்முக அவத்தை (அனாபேஸ்) ஒன்றில் பிரிவது அமைப்பொத்த நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), சகோதர அரைநிறவுருக்கள் (குரோமற்றிட்கள்) சேர்ந்தேதான் போகும், அவை பிரிவது இரண்டாம் பிரிவில் என்பது அதில் ஒன்று. தெரியும், ஆனால் எழுதும்போது "நிறமூர்த்தங்கள் பிரியும்" என்று பொதுவாக எழுதிவிடுவேன். அப்படி எழுதினால் புள்ளி கிடைக்காது, எது எதிலிருந்து பிரிகிறது என்பதுதான் அங்கே கேள்வியே.

பல்தேர்வு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 50 வினா, 2 மணித்தியாலம். முதல் 40 வழமையானவை. 41இலிருந்து 50 வரை வருவதுதான் ஆளைக் கொல்வது. ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து கூற்று தருவார்கள். ஏ, பி, டி சரியென்றால் விடை 1, ஏ, சி, டி என்றால் 2, ஏ, பி மட்டும் என்றால் 3, சி, டி மட்டும் என்றால் 4, வேறு எந்தச் சேர்க்கையும் 5. நான் முதல் தடவை இந்தப் பத்தையும் கடைசி இருபது நிமிடத்துக்கு விட்டு, 5 என்று போடப் பயந்து பயந்து மற்ற நான்கில் ஒன்றை ஊகித்தேன். அட்டவணையை ஒருதரம் நிதானமாகப் பார்த்தால் தெரியும்: ஈ சரியென்றால் மற்றதைப் பார்க்கவே தேவையில்லை, விடை 5. ஏ பிழையென்றால் 4 அல்லது 5. டி பிழையென்றால் 3 அல்லது 5. ஆகவே ஈ, ஏ, டி என்ற ஒழுங்கில் வாசிக்கப் பழகினேன், நேரம் நன்றாக மிஞ்சியது. பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஒன்றையும் வெறுமையாக விட வேண்டாம். ஆனால் இந்த உத்தி ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். கூற்று ஒவ்வொன்றையும் தனியாக நிறுத்தி இது சரி, இது பிழை, ஏன் என்று சொல்ல முடியாவிட்டால் எந்த ஒழுங்கில் வாசித்தும் பிரயோசனமில்லை. பேப்பர் கிளாஸில் செய்த ஒவ்வொரு கூற்று வினாவிலும் பிழையான கூற்றைச் சரியாக்கி எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு வினாவுக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். மற்றப் பிள்ளைகள் அந்த நேரத்தில் ஒரு பேப்பரில் பாதி முடித்திருப்பார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் விடவில்லை.

"மொலஸ்காக்களில் திறந்த குருதிச் சுற்றோட்டம் காணப்படும்" என்ற மாதிரிக் கூற்றுகளில் நான் விழுந்துகொண்டே இருந்தேன். நத்தை, மட்டி எல்லாவற்றுக்கும் சரி, கணவாய்க்குச் சரியில்லை, அதற்கு மூடிய சுற்றோட்டம். மூன்றாம் அலகு, அங்கிகளின் (உயிரினங்களின்) பல்வகைமை, எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் வேப்பங்காய். எனக்கும்தான். பிறகு ஒரு நாள் அம்மா கணவாய் கழுவிக்கொண்டிருக்க, இதைத்தானே இவ்வளவு நாளும் பாடமாக்கக் கஷ்டப்படுகிறேன் என்று குந்தியிருந்து பார்த்தேன். எங்கள் ஊர் பூநகரிப் பக்கம், கடலும் களப்பும். மீன் சந்தைக்குப் போனால் அந்த அலகில் பாதி தட்டில் கிடக்கிறது. நண்டும் இறாலும் ஆத்திரப்போடா, மூட்டுள்ள தூக்கங்கள் (கால் போன்ற உறுப்புகள்), கைற்றின் வெளிவன்கூடு. திருக்கையும் சுறாவும் கசியிழைய (குருத்தெலும்பு) வன்கூடு, செவுள் பிளவுகள் மூடியில்லாமல் வெளியே தெரியும். பாரையில் செவுள் மூடியைத் தூக்கினால்தான் தெரியும். கடலட்டை பெயரில் அட்டை இருந்தாலும் அனெலிடா இல்லை, அது எக்கைனோடேர்மேற்றா, நட்சத்திரமீனின் சொந்தம். உண்மையான அட்டைதான் அனெலிடா. கடலட்டைப் பண்ணையில் வேலைக்குப் போகும் மாமா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அதுக்குக் குழாய்க் கால் கிடக்கு பிள்ளை, நாங்கள் காணுறதுதானே" என்றார். நான் அந்தக் குழாய்க்காலைப் படத்தில் மட்டும்தான் கண்டிருந்தேன். அதுக்குப் பிறகு இந்த அலகு கதவுக்கு அதிகம் வரத் தேவைப்படவில்லை. தாவரப் பகுதிக்கு இப்படி ஒரு குறுக்குவழி கிடைக்கவில்லை, அது சோக்கும் துணியும்தான்.

தமிழ் மூலத்தில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தலையிடி, சொற்கள். ஒரு ஆசிரியரின் நோட்ஸில் நிறவுரு, இன்னொருவருடையதில் நிறமூர்த்தம், யூடியூப்பில் குரோமோசோம். மூன்றும் ஒன்றுதான் என்று தெரியாமல் யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் அதிகம் புழங்காத சொற்களில் இது குழப்பிவிடும். வளநூலில் உள்ள சொல்லையே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். தமிழ் நாட்டு வீடியோக்கள் விளக்கத்துக்கு மிக நல்லவை, பார்த்தேன், ஆனால் அங்கே செல் என்பது இங்கே கலம், அங்கே பரிணாமம் என்பது இங்கே கூர்ப்பு. பார்த்து முடிந்ததும் கதவில் எங்கள் சொல்லில் எழுதிப் பார்க்காமல் படுக்கப் போவதில்லை. பழைய பாடத்திட்டப் பேப்பர்களிலும் கவனம் வேண்டும். 2019இலிருந்துதான் இப்போதைய பாடத்திட்டத்துக்கான பரீட்சை. அதற்கு முந்தியவற்றைப் பயிற்சிக்குச் செய்யலாம், ஆனால் அதில் உள்ள எல்லாமே இப்போது தேவையில்லை, சில இடத்தில் விடையும் வளநூலோடு ஒத்துவராது.

எந்த அலகுக்கு எவ்வளவு நேரம் என்பதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், கடைசி மூன்று அலகையும், அதாவது சூழல், நுண்ணங்கியியல், பிரயோக உயிரியல், ஒக்டோபரிலேயே முடித்தது. எல்லாரும் அவற்றைக் கடைசிக் கிழமைக்கு விடுவார்கள், நானும் முதல் தடவை விட்டேன். சின்ன அலகுகள், விளங்கக் கஷ்டமில்லை, கட்டுரையில் வந்தால் அள்ளலாம். ஐந்தாம் அலகு விலங்குகள் பெரிய கடல், அதற்கு நவம்பர் முழுக்கப் போனது. பிறப்புரிமையியல் (மரபியல்) கணக்குகளை மட்டும் கதவில் செய்யவில்லை, தம்பியின் பழைய கணக்குக் கொப்பிகளின் பின்பக்கத்தில் நாளுக்கு இரண்டு என்று செய்தேன்.

இரண்டாம் பேப்பர் 3 மணித்தியாலம், அதற்கு முன் வாசிக்கப் பத்து நிமிடம். அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், கட்டுரையில் ஆறில் நான்கு. வீட்டில் மணிக்கூட்டை வைத்து எழுதிப் பார்த்தபோது அமைப்புக் கட்டுரையிலேயே ஒன்றே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது, கோடு போட்ட இடத்துக்கு வெளியே எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கு 20 நிமிடம் என்று அறுத்துக் கட்டினேன், கட்டுரைக்கு 25. கடைசியில் வரும் சிறுகுறிப்பை முதல் தடவை தொடவே பயந்தேன். இரண்டாம் தடவை அதைத்தான் முதலில் பார்த்தேன், மூன்று சின்னத் தலைப்பில் இரண்டு நன்றாகத் தெரிந்தாலே தெரியாத நீட்டுக் கட்டுரை ஒன்றைவிட மேல்.

சரிவராதவையும் உண்டு. வட்ஸ்அப்பில் ஏழு பேர் சேர்ந்து படிக்கும் குழு ஒன்று தொடங்கினோம், இரண்டு கிழமையில் அது மின்வெட்டு எத்தனை மணிக்கு என்று கேட்கும் குழுவாகிவிட்டது. இரவு 2 மணிவரை இருந்து பார்த்தேன், அடுத்த நாள் கதவு வெறுமையாகவே இருந்தது. பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழும்புவதுதான் எனக்குச் சரிவந்தது, உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். கதவுக்குக் கொடுத்த நேரத்தில் பௌதிகத்துக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

முடிவு 2023 செப்டெம்பர் 4 வந்தது. உயிரியல் ஏ, இரசாயனவியல் பி, பௌதிகவியல் மறுபடி எஸ். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குக் காணாது. இப்போது கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயபீடத்தில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே போய் வரலாம். கதவைத் தம்பி எடுத்துக்கொண்டான். அவன் மேத்ஸ் படிக்கப் போகிறானாம், ஒரு மூலையில் நான் துடைக்க மறந்த மேன்முக அவத்தைப் படம் மட்டும் இன்னும் கிடக்கிறது.