தாயத்தை விற்கப் போய்

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற நாளில் லேப்டாப்பைத் திறந்து தாயம் கேமைக் கொஞ்சம் நகர்த்துவேன், நின்றுகொண்டு போகிற நாளில் யோசிப்பதோடு சரி. நாலு மாதம் ஆகிறது. கேம் செய்கிற மென்பொருளான கோடாட் எஞ்சினில்தான் செய்கிறேன், அதற்குக் காசு கட்ட வேண்டாம்.

காய் நகர்வது, வெட்டுவது, சுற்றி முடித்துப் பழம் எடுப்பது எல்லாம் முதல் மாதமே முடிந்துவிட்டது. மாட்டிக்கொண்டது கட்டையில். ஒரு கட்டைக்கு நாலு முகம்: வெறும் முகம், 1, 2, 3. ரெண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம், அதில் தாயம், அதாவது ஒன்றில் வெறும் முகமும் மற்றதில் 1-ம் விழுவது, ரெண்டே விதம், எட்டில் ஒன்று. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் பத்துத் தடவை உருட்டியும் தாயமே விழாமல் போக நூற்றுக்கு 26 வாய்ப்பு இருக்கிறது, தாயம் விழாமல் காய் இறங்காது, ஆக நாலு பேர் ஆடினால் யாராவது ஒருத்தர் ரொம்ப நேரம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஆடும்போது இதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. போன மார்கழி ஏகாதசிக்குக் கண்விழித்து ஆடியபோது பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பன்னிரண்டு சுற்றுக்குத் தாயமே விழவில்லை, அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அதே அக்கா என் போனில் ஆறாவது உருட்டிலேயே "இது ஏமாத்துதுப்பா" என்று கீழே வைத்துவிட்டார்.

சந்தேகம் தீர ஆயாவின் பித்தளைக் கட்டையை 200 தடவை உருட்டி நோட்டில் குறித்தேன். கணக்குப்படி 25 தாயம், விழுந்தது 31. ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளி தேய்ந்து வெறும் முகம் மாதிரியே ஆகிவிட்டது, ஆயா நகத்தால் தடவிப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்லும், தீர்ப்பு பெரும்பாலும் ஆயா பக்கமே சாயும்.

கேமில் இந்த வறட்சியைக் குறைக்க முதலில் பை வைத்துப் பார்த்தேன். 16 விதத்தையும் ஒரு பையில் போட்டுக் கலக்கி ஒவ்வொன்றாக எடுப்பது, தீர்ந்ததும் மறுபடி நிரப்புவது. ஒரு பையின் தாயம் ரெண்டும் முதலிலேயே வந்து அடுத்த பையில் ரெண்டும் கடைசியில் வந்தால் நடுவில் 28 உருட்டு வறட்சி! அது போதாதென்று பஸ்ஸில் கூட வரும் அண்ணன் ஒருத்தர் ரெண்டே ஆட்டத்தில், "ரெண்டு தாயமும் போயிடுச்சு, இனிமே இப்போதைக்கு வராது" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். தூக்கிவிட்டேன். இப்போது கட்டை அதன் பாட்டுக்கு விழுகிறது, ஆளுக்கு ஒரு காய் இறங்கியே ஆரம்பிக்கும், ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எது எத்தனை விழுந்தது என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியல் வந்தபிறகு ஏமாத்துது என்ற பேச்சு குறைந்தது.

இன்னொரு தப்பு: விழுந்ததை உடனே ஒரு காய்க்கு நகர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஆறு, அஞ்சு, மூணு என்று அடுத்தடுத்து விழுந்தால் எதை எந்தக் காய்க்கு வைப்பது, எதை வைத்து வெட்டுவது என்பதில்தானே மூளையே இருக்கிறது. ஆயா திட்டியபிறகு, விழுந்ததெல்லாம் அடியில் வரிசையாக நிற்கும்படி மாற்றினேன்.

அப்புறம் காசு. விளம்பரம் பார்த்தால் மறுஉருட்டு என்று ஒரு பொத்தான் வைத்தேன். என் சித்தி பையன் நாலு விளம்பரம் பார்த்து, பழத்துக்கு மூணு கட்டம் இருந்த ஆயா காயை வெட்டினான். "அழுகுணி ஆட்டம்டா இது, தாயத்தை விலைக்கு வாங்குவியா?" என்று ஆயா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டது.

கூகுள் பிளேயில் 25 டாலர் கட்டித் திறந்த புதுத் தனிநபர் கணக்கென்றால் கேமை வெளியிடும் முன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதனையில் இருக்க வேண்டும். பாதிப்பேர் பஸ் ஆட்கள், மீதி சொந்தக்காரர்கள். அவர்கள் அதிகம் அழுத்தியது அந்தப் பொத்தானைத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, தாயத்தை எட்டில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாக்கினால் இன்னும் அழுத்துவார்களே என்று ஒரு ராத்திரி அந்த புரோகிராம் வரியை எழுதியே பார்த்தேன். தாயம் விழாதபோதுதான் எனக்கு வருமானம் என்றால், கட்டையில் கை வைக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்? பொத்தானையும் எடுத்துவிட்டேன்.

பத்து ரூபாய் பந்தயம் வை, கூட்டம் வரும் என்றான் ஒரு நண்பன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டப்படி பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம் நடத்தினால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். திறமை ஆட்டம் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது.

இப்போதைக்கு ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் மட்டும் விளம்பரம். ஒரே தடவை 49 ரூபாய் கட்டினால் அதுவும் போய்விடும், கூடவே சிவப்பு சிமெண்ட் தரையில் சாக்பீஸால் போட்ட கட்டம், கோலமாவுக் கட்டம் என்று நாலு பலகை. கூகுள் 15 சதவீதம் எடுத்தபின், வரியை விட்டுப் பார்த்தால், 41 ரூபாய் 65 பைசா நிற்கும். இதுவரை வாங்கியது மூணு பேர், மூணு பேரும் சொந்தம்.

சத்தம் பாக்கி. ஆயா ரெண்டு கட்டையையும் உள்ளங்கையில் உரசி விடும்போது வருகிற கிணுகிணுப்பை நேற்று பதிவு செய்தேன், கேட்டால் பின்னாடி மிக்ஸி ஓடுகிறது.